டூரிஸ்ட் விசாவில் எத்தனை நாள் தங்கலாம்? நீட்டிப்பது எப்படி? தேதி தாண்டினால் என்ன ஆகும்? - முழு விவரம்

பேங்காக்குக்கு அஞ்சு நாள் டூர். கோலாலம்பூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். துபாயில் "நேர்ல போய்ப் பார்த்தா வேலை கிடைச்சிடும்" என்ற நம்பிக்கை. வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிளம்பும் கார்களில் இந்த நாலு வகைப் பயணிகளையும் பார்க்கலாம். போகும் காரணம் வேறு வேறு. கையில் இருப்பது மட்டும் ஒன்றுதான்: டூரிஸ்ட் விசா, அல்லது விசிட் விசா, அல்லது "விசா தேவையில்லை" என்ற சலுகை.

தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சந்திக்கும் எல்லைப் பகுதி வேப்பனப்பள்ளி. காலையில் குப்பத்துக்கோ பங்காரப்பேட்டைக்கோ போய்விட்டு சாயங்காலம் வீடு திரும்ப யாரும் எதையும் கேட்பதில்லை. நாட்டு எல்லை அப்படி இல்லை. எத்தனை நாள் இருக்கலாம், என்ன செய்யலாம் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அதை மீறினால் அபராதம், திருப்பி அனுப்புதல், பல ஆண்டுத் தடை, சில நாடுகளில் சிறை வரைக்கும் போகும்.

சிக்கல் தொடங்குவது இரண்டு இடங்களில். ஒன்று, கடைசித் தேதி எது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வது. இன்னொன்று, டூரிஸ்ட் விசாவிலேயே வேலை பார்க்கலாம் என்று யாரோ சொல்வதை நம்புவது. இரண்டையும் விரிவாகப் பார்க்கலாம்.

விசா தேதி வேறு, தங்கும் தேதி வேறு

விசாவில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். பல விசாக்களில் அது, அந்த நாட்டின் வாசலில் போய் நிற்பதற்கான கடைசித் தேதி மட்டுமே. உள்ளே நுழைந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் இமிக்ரேஷன் அதிகாரிதான் முடிவு செய்கிறார். அது பாஸ்போர்ட்டில் முத்திரையாக வரலாம், இமெயிலில் வரலாம், இணையதளத்தில் பதிவாகலாம்.

இதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்கா. இந்தியர்களுக்கு பி1/பி2 விசிட் விசா பெரும்பாலும் 10 ஆண்டுக்குக் கிடைக்கிறது. அதற்காக 10 ஆண்டு அங்கே தங்க முடியாது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஐ-94 என்ற பதிவு உருவாகும். பொதுவாக 6 மாதம் வரை அனுமதி தருவார்கள். அந்த ஐ-94-ல் இருக்கும் தேதிதான் கடைசித் தேதி. விசா ஸ்டிக்கரில் இன்னும் 8 ஆண்டு மீதி இருக்கலாம், அதனால் எந்தப் பயனும் இல்லை.

சிங்கப்பூரிலும் இப்படித்தான். விசா கிடைத்தாலும், தரையிறங்கிய பிறகு வரும் எலக்ட்ரானிக் விசிட் பாஸில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அதுவே கணக்கு.

ஜூஜூவாடி வழியாகத் தற்காலிக பர்மிட் எடுத்து வண்டி ஓட்டும் டிரைவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வண்டியின் ஆர்.சி. எத்தனை வருஷத்துக்கு இருக்கு என்பதை செக்போஸ்ட்டில் பார்ப்பதில்லை. இந்த மாநிலத்துக்குள் ஓட எத்தனை நாளுக்கு வரி கட்டியிருக்கு என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே, இமிக்ரேஷன் கவுன்டரைத் தாண்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை: பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரையைப் படிப்பது. அதை போனில் போட்டோ எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது. தேதி தெளிவாக இல்லை, தவறாக இருக்கு என்றால் அங்கேயே திரும்பிப் போய்க் கேட்கணும். வெளியே வந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

நாட்களை எண்ணுவது எப்படி?

"ரெண்டு மாசம்" என்று வாய்க்கணக்கு போடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். அனுமதி நாட்களில் கொடுக்கப்பட்டிருந்தால் நாட்களில்தான் எண்ண வேண்டும். உள்ளே நுழைந்த நாளும் கணக்கில் சேரும்.

ஜூன் 1-ம் தேதி தாய்லாந்துக்குள் நுழைந்த ஒருவருக்கு 60 நாள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஜூனில் 30 நாள் போய்விடும். மீதி 30 நாள் ஜூலை 30-ம் தேதியோடு முடியும். "ரெண்டு மாசம்தானே" என்று ஆகஸ்ட் 1-ம் தேதிக்கு டிக்கெட் போட்டால் 2 நாள் கூடுதல்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், நள்ளிரவு விமானங்கள். டிக்கெட்டில் 31-ம் தேதி 12.40 ஏ.எம். என்று இருந்தால் அது 30-ம் தேதி ராத்திரி கிளம்பும் விமானம். 31-ம் தேதி ராத்திரி என்று நினைத்துப் போனால் விமானமும் போயிருக்கும், அனுமதி நாளும் போயிருக்கும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் 50 நாள் இருந்தவர், நடுவில் ஊருக்கு வந்துவிட்டு மறுபடி இத்தாலிக்குப் போனாலும், அந்தப் பழைய 50 நாளும் சேர்த்து எண்ணப்படும். நாடு மாறினாலும் கணக்கு ஒன்றே. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே இ.இ.எஸ். என்ற கணினிப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நுழைவதும் வெளியேறுவதும் கைரேகை, முகப் படத்தோடு பதிவாகிறது. முத்திரை மங்கலாக இருந்ததால் தப்பித்தேன் என்ற கதை இனி அங்கே நடக்காது.

நீட்டிப்பு கேட்க பொதுவான விதிகள்

நாட்டுக்கு நாடு விதிகள் மாறினாலும், எல்லா இடத்துக்கும் பொருந்தும் சில விஷயங்கள் இருக்கின்றன.

- தேதி முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்த பிறகு கேட்பது நீட்டிப்பு ஆகாது, அது மீறலை ஒப்புக்கொள்வது.
- நீட்டிப்பு தருவது அந்த நாட்டின் குடியேற்றத் துறை. அங்கே இருக்கும் இந்தியத் தூதரகத்தால் அந்த நாட்டு விசாவை நீட்டித்துத் தர முடியாது.
- எதற்காகக் கூடுதல் நாள் வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டணும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள்.
- பாஸ்போர்ட் காலாவதி ஆகும் நிலையில் இருந்தால் நீட்டிப்பு கிடைப்பது கடினம். பல நாடுகள் நுழையும்போதே குறைந்தது 6 மாதம் மீதி இருக்கணும் என்று கேட்கின்றன.
- கட்டிய கட்டணம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பொதுவாகத் திரும்பி வராது.
- ரசீதை வைத்திருக்கணும். நடுவில் யாராவது சோதனை செய்தால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

நாடு வாரியாக என்ன நிலவரம்?

தாய்லாந்து: 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி கொடுக்கப்பட்டது. இதை 30 நாளாகக் குறைக்கும் பேச்சு 2025-லேயே எழுந்துவிட்டது. அதனால் டிக்கெட் போடும் வாரத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. நீட்டிப்புக்கு அங்குள்ள இமிக்ரேஷன் அலுவலகத்தில் டி.எம்.7 படிவம் கொடுக்கணும். கட்டணம் 1,900 பாட். பொதுவாக 30 நாள் கூடுதலாகக் கிடைக்கும். 2025 மே 1 முதல், போவதற்கு முன்பே ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்புவதும் கட்டாயம்.

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இங்கேதான் ஒரு குழப்பம். நீட்டிக்கப்பட்டது சலுகைத் திட்டம்தான், ஒருவர் தங்கும் காலம் இல்லை. ஒரு பயணத்துக்கு 30 நாள் என்பது மாறவில்லை. நோய், விபத்து போன்ற காரணங்கள் தவிர வேறு எதற்கும் பொதுவாகக் கூடுதல் நாள் தருவதில்லை.

சிங்கப்பூர்: இந்தியர்களுக்கு விசா கட்டாயம். கூடுதல் நாள் வேண்டுமானால் குடியேற்ற ஆணையமான ஐ.சி.ஏ. இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஐக்கிய அரபு அமீரகம்: துபாய்க்கான விசிட் விசா 30 நாள், 60 நாள் என்று கிடைக்கிறது. அங்கிருந்தபடியே 30 நாள் நீட்டிக்க வழி உண்டு. விசா எடுத்துக் கொடுத்த டிராவல் ஏஜென்சி வழியாக எடுத்தவர்கள் அதே ஏஜென்சி மூலமாகத்தான் நீட்டிப்பும் செய்யணும். தேதி தாண்டியும் தகவல் சொல்லாமல் இருந்தால், ஆள் தலைமறைவு என்று ஏஜென்சியே புகார் பதிவு செய்யவும் வாய்ப்பு இருக்கு.

இலங்கை: இ.டி.ஏ. அனுமதியில் முதலில் 30 நாள். கூடுதல் நாளுக்கு ஆன்லைனிலோ, கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ விண்ணப்பிக்கலாம்.

இந்தோனேசியா: பாலி போகிறவர்கள் எடுக்கும் வருகை விசா 30 நாளுக்கு. கட்டணம் 5 லட்சம் ரூப்பியா. ஒரே ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம்.

அமெரிக்கா: ஐ-94 தேதிக்கு முன்பே ஐ-539 விண்ணப்பம் போடணும். குறைந்தது 45 நாள் முன்னதாகப் போடும்படி அந்நாட்டுக் குடியேற்றத் துறை சொல்கிறது. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள் தேதியை மகன், மகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல், தாங்களும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரிட்டன்: விசிட்டர் விசாவில் பொதுவாக 6 மாதம்தான் உச்சவரம்பு. சிகிச்சை போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஷெங்கன் நாடுகள்: 90 நாளுக்கு மேல் சுற்றிப் பார்க்க ஆசை என்பது காரணமாக ஏற்கப்படாது. கடும் நோய், விமானங்கள் நின்றுபோவது போன்ற தவிர்க்க முடியாத நிலைமைகளுக்கு மட்டுமே நீட்டிப்பு.

"பக்கத்து நாட்டைத் தொட்டுட்டு வந்தா போதும்" - உண்மையா?

தேதி முடியும் முன் எல்லையைத் தாண்டி, பக்கத்து நாட்டுக்குள் போய்விட்டு அடுத்த நாளே திரும்பி வந்து புது முத்திரை வாங்குவதை 'விசா ரன்' என்கிறார்கள். பல காலமாக நடக்கும் வழக்கம்தான். ஆனால் இது யாருக்கும் உரிமை கிடையாது. ஒவ்வொரு முறையும் உள்ளே விடலாமா வேண்டாமா என்பதை அதிகாரி புதிதாக முடிவு செய்கிறார். தொடர்ந்து இப்படிப் போய் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பப்போவதாக 2025 நவம்பரில் தாய்லாந்து குடியேற்றத் துறை அறிவித்தது. வேப்பனப்பள்ளியிலிருந்து ஆந்திரா எல்லையைத் தொட்டுவிட்டு வருவது போல இதை நினைக்கக் கூடாது. பெட்டி படுக்கை எல்லாம் ஒரு நாட்டில், ஆள் இன்னொரு நாட்டில் என்று நிற்க நேரும்.

தேதி தாண்டிவிட்டால் என்ன தண்டனை?

- தாய்லாந்தில் ஒரு நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம்.
- அமீரகத்தில் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம்.
- இந்தோனேசியாவில் ஒரு நாளுக்கு 10 லட்சம் ரூப்பியா. 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தல்.
- மலேசியாவில் வழக்கு தொடரப்பட்டால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
- சிங்கப்பூரில் 90 நாள் வரை தாண்டினால் 4,000 டாலர் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 90 நாளைத் தாண்டினால் சிறையோடு குறைந்தது 3 பிரம்படி என்று சட்டம் சொல்கிறது.
- அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 10 ஆண்டுத் தடை. அதற்கும் முன்பே, தேதி தாண்டிய உடனேயே கையில் இருக்கும் 10 ஆண்டு விசா செல்லாததாகிவிடும்.

இதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனிக்கணும். தானாக முன்வந்து வெளியேறுவதும், பிடிபட்டு வெளியேற்றப்படுவதும் ஒன்றல்ல. தாய்லாந்தில் 2016 மார்ச் 20 முதல் உள்ள விதிப்படி, 90 நாளுக்கு மேல் தாண்டிய ஒருவர் தானே விமான நிலையத்துக்கு வந்து அபராதம் கட்டிப் போனால் ஓராண்டுத் தடை. ஓராண்டைத் தாண்டியிருந்தால் 3 ஆண்டுத் தடை. அதே ஆள் தெருவில் சோதனையில் பிடிபட்டால், ஒரு வாரமே தாண்டியிருந்தாலும் 5 ஆண்டுத் தடை. ஓராண்டைத் தாண்டியிருந்தால் 10 ஆண்டு.

அதாவது, தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த நாளிலேயே கிளம்புவதுதான் லாபம். "இவ்வளவு நாள் ஆயிடுச்சு, இனி என்ன" என்று ஒளிந்து இருக்க இருக்க, தண்டனைதான் ஏறும்.

சில நாடுகள் அவ்வப்போது பொது மன்னிப்பும் அறிவிக்கும். அமீரகத்தில் 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கிய திட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நடந்தது. அபராதம் இல்லாமல், தடை இல்லாமல் ஊர் திரும்பவோ, ஆவணங்களைச் சரிசெய்யவோ அப்போது வாய்ப்பு கொடுத்தார்கள். ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை நம்பிக் காத்திருப்பது சரியான திட்டம் ஆகாது.

டூரிஸ்ட் விசாவில் வேலை: மியாவடி சொல்லும் பாடம்

தங்கும் தேதியைத் தாண்டுவது கடைசி நாளில் நடக்கும் மீறல். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது முதல் நாளிலேயே நடக்கும் மீறல். இன்னும் 50 நாள் மீதி இருந்தாலும், வேலைக்குப் போன அன்றைக்கே விசாவின் நிபந்தனை உடைந்துவிடுகிறது.

2022-ல் தமிழ்நாடு இதை நேரடியாகப் பார்த்தது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இளைஞர்கள், அங்கிருந்து எல்லை கடத்தி மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இணைய மோசடி வேலைகளைச் செய்யச் சொல்லி அடைத்து வைக்கப்பட்டார்கள். தமிழர்கள் சுமார் 50 பேர் உள்பட 300 இந்தியர்கள் சிக்கியிருப்பதாகக் கூறி, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்த ஆண்டு செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 24-ம் தேதி வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் 5-ம் தேதி 13 பேர் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள்.

அப்போது வெளியுறவு அமைச்சகம் சொன்ன இன்னொரு தகவலும் முக்கியம். போலி முதலாளிகளிடமிருந்து தப்பிய வேறு சில இந்தியர்கள், நாட்டுக்குள் சட்டவிரோதமாக நுழைந்ததற்காக மியான்மர் அதிகாரிகளின் காவலில் இருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்தான், கடத்தப்பட்டவர்தான். இருந்தாலும் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டு முத்திரை இல்லை என்பதால் சட்டத்தின் பார்வையில் அவரும் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுகிறார். மோசடிக் கும்பலிடமிருந்து மீள்வது ஒரு போராட்டம் என்றால், அந்த நாட்டுச் சட்டத்திலிருந்து மீள்வது அடுத்த போராட்டம்.

இது 2022-ஓடு முடியவில்லை. கம்போடியாவிலிருந்து சுமார் 250 இந்தியர்கள் மீட்கப்பட்டதாக 2024 மார்ச்சில் மத்திய அரசு கூறியது. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள்.

ஈரான் விவகாரம் இன்னொரு எச்சரிக்கை. 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் விசா இல்லாமல் 15 நாள் வரலாம், அதை நீட்டிக்க முடியாது என்று ஈரான் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகையைக் காட்டியே வேலை வாங்கித் தருவதாகவும், வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லி ஆட்களை அழைத்துப் போய், பணம் கேட்டுக் கடத்திய சம்பவங்கள் நடந்தன. கடைசியில் 2025 நவம்பர் 22 முதல் சாதாரண இந்திய பாஸ்போர்ட்டுக்கான சலுகையையே ஈரான் நிறுத்தி வைத்தது.

அதனால் "விசாவே வேணாம், டிக்கெட் மட்டும் போட்டா போதும், போனதும் வேலை" என்று யாராவது சொன்னால், அது வசதி இல்லை. அதுதான் முதல் அபாய அறிகுறி. விசா இல்லாத சலுகை சுற்றிப் பார்க்கக் கொடுக்கப்படுவது. வேலைக்குப் போகிறவருக்கு வேலை விசா கையில் வந்த பிறகுதான் விமானம்.

"போய் மாத்திக்கலாம்" என்கிறார்களே?

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களிடம் சொல்லப்படும் வழக்கமான வார்த்தை இது. அமீரகத்தில் விசிட் விசாவில் போய் வேலை தேடி, வேலை கிடைத்த பிறகு முறைப்படி விசா மாற்றியவர்கள் உண்டு. வேலை தேடுவதற்கென்றே தகுதி உள்ளவர்களுக்கு 60, 90, 120 நாள் விசாவும் அங்கே இருக்கிறது. ஆனால் தேடுவது வேறு, வேலை செய்யத் தொடங்குவது வேறு. பர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் அந்நாடு சட்டத்தைக் கடுமையாக்கியது. இவ்வளவு அபராதம் இருந்தும் ஒருவர் விசிட் விசாவிலேயே வேலைக்கு எடுக்கிறார் என்றால், நாளைக்குச் சம்பளம் தராவிட்டால் எங்கே போய்க் கேட்பது என்று யோசிக்கணும்.

கம்பெனியே அனுப்பினால்?

ஓசூர், போச்சம்பள்ளி பகுதி ஆலைகளிலிருந்து மெஷின் பார்க்க, பயிற்சி எடுக்க, வெளிநாட்டு ஆலையில் லைன் அமைத்துக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு டூரிஸ்ட் விசாவில் அனுப்பினால் என்ன என்ற கேள்வி வரும்.

2025 செப்டம்பர் 4-ம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய் - எல்ஜி பேட்டரி ஆலை கட்டுமான இடத்தில் குடியேற்றத் துறை சோதனை நடத்தி 475 பேரைப் பிடித்தது. அதில் 300-க்கும் மேற்பட்டவர்கள் தென் கொரியர்கள். அவர்களில் பலர் குறுகிய கால வருகை அனுமதியில் வந்த தொழில்நுட்ப ஊழியர்கள். ஒரு வாரம் கழித்து தனி விமானத்தில் நாடு திரும்பினார்கள். பெரிய நிறுவனம், பெரிய முதலீடு, நட்பு நாடு என்பதெல்லாம் அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை.

கூட்டம், பேச்சுவார்த்தை, ஆலையைப் பார்வையிடுவது ஆகியவற்றுக்கு பிசினஸ் விசா. கையில் கருவி எடுத்து வேலை செய்வதற்குப் பெரும்பாலும் வேலை அனுமதி. எந்த விசாவில் அனுப்புகிறார்கள், அதில் என்ன செய்ய அனுமதி என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது ஊழியரின் உரிமை. மாட்டினால் கம்பெனியின் பாஸ்போர்ட்டில் தடை விழாது, ஊழியரின் பாஸ்போர்ட்டில்தான் விழும்.

ஏஜென்ட் உண்மையானவரா? சரிபார்ப்பது எப்படி?

- வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் பெற்றிருக்கணும். இ-மைகிரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.
- உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டாலே சந்தேகப்படணும். ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.
- பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் வரும். அவர்கள் அமீரகம், சவுதி, மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே சில ஏஜென்ட்கள் டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறார்கள். அனுமதியைத் தவிர்ப்பது என்றால், அதோடு வரும் பாதுகாப்பையும் 10 லட்சம் ரூபாய் காப்பீட்டையும் தவிர்ப்பது என்று பொருள்.
- தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளையும் பார்க்கலாம்.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால்?

முதலில் இந்தியத் தூதரகம். தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக, ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை அவர்கள் தருவார்கள். மிகவும் கஷ்ட நிலையில் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட், சட்ட உதவி போன்றவற்றுக்கு இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. குடும்பத்தினர் ஊரிலிருந்தபடியே வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இதற்கென்றே இயங்குகிறது.

புகார் கொடுக்கும்போது பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல், விசா நகல், நுழைவு முத்திரையின் போட்டோ, கடைசியாகப் பேசிய தேதி, ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்பிய விவரம் ஆகியவை கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். அதற்காகத்தான் கிளம்பும் முன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கணும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் தானாக நீட்டிப்பு கிடைக்குமா?
கிடைக்காது. டாக்டர் சான்றிதழோடு யாராவது ஒருவர் குடியேற்றத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும்.

விமானம் ரத்தானால்?
விமான நிறுவனத்திடம் எழுத்து மூலமான சான்று வாங்கிக்கொண்டு, அன்றே இமிக்ரேஷன் அதிகாரிகளிடம் காட்டணும். கடைசி நாளில் டிக்கெட் போடாமல், 2 நாள் முன்னதாகப் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

கைக்குழந்தைக்கும் இதே கணக்கா?
ஆம். குழந்தையின் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைத் தனியாகப் பார்க்கணும். பெற்றோருக்கு நீட்டிப்பு கிடைத்தால் குழந்தைக்கும் கிடைத்ததாக ஆகாது.

நீட்டிப்பு மறுக்கப்பட்டால்?
எந்தத் தேதிக்குள் வெளியேறணும் என்று மறுப்புக் கடிதத்தில் இருக்கும். அதற்குள் கிளம்பிவிட்டால் அடுத்த முறை விசா கேட்கும்போது பெரும்பாலும் பாதிப்பு குறைவு. "எந்த நாட்டிலாவது விசா மறுத்தார்களா, வெளியேற்றினார்களா?" என்ற கேள்வி பல நாடுகளின் விண்ணப்பத்தில் இருக்கும். அதற்கு மறைக்காமல் பதில் எழுதணும்.

கட்டணங்களும் நாட்களும் அடிக்கடி மாறக்கூடியவை. யூடியூப் வீடியோவையோ வாட்ஸ்அப் ஃபார்வர்டையோ வைத்து முடிவு செய்யாமல், போகும் நாட்டின் குடியேற்றத் துறை இணையதளத்தை டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒருமுறையும், கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.